உணரி: எந்த சென்சார் என்று கேட்க வைக்காத சொல்

பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டு அடுக்களையில் கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவியை அவருடைய பேரன் வாங்கி மாட்டினான். 'வீட்டுக்கு சென்சார் வச்சாச்சு' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் செய்தியும் போட்டான். சித்தப்பா உடனே போனில் கூப்பிட்டார். "வீட்டுக்கு எதுக்குலே சென்சாரு? படமா எடுக்கப் போறிய?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே சென்சார்தான். பிறப்பு மட்டும் வேறு வேறு. படத்தை வெட்டும் சென்சார், 'மதிப்பிடு' என்று பொருள்படும் சென்சேரே என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் குறிக்கும் சென்சஸும் அதே வீட்டுப் பிள்ளை. கேஸை மோப்பம் பிடிக்கும் சென்சாருக்கு மூலம் சென்டீரே, அதாவது 'உணர்'. ஆங்கிலத்தில் எழுத்தே வேறாக இருப்பதால் குழப்பம் வராது. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு நிற்காது. முதலாவதற்குத் தணிக்கை என்ற சொல் எப்போதோ நிலைத்துவிட்டது. இரண்டாவதற்கு உணரி.

இது யாரோ வலிந்து கட்டிய சொல் என்று நினைக்க வேண்டாம். வினையோடு இகரம் சேர்த்துக் கருவிக்குப் பெயர் வைப்பது நம் வீட்டுப் புழக்கம். மண்ணை வெட்டுவது மண்வெட்டி, பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி, இடியைத் தாங்குவது இடிதாங்கி. அதே தடத்தில் உணர்வது உணரி. உணர்வி என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதில் உணர்வு, உணர்ச்சியெல்லாம் கலந்து ஒலிப்பதால் எனக்கு உணரிதான் பிடிக்கும்.

'உயிர் இல்லாத பொருள் எப்படி உணரும்?' என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நம் பக்கத்துப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்கிறதே, அது என்ன மூச்சு வாங்கியா தாங்குகிறது? தாங்கும் வேலையைச் செய்கிறது, அதனால் தாங்கி. தொல்காப்பியர் மரபியலில் 'ஒன்றறி வதுவே உற்றறி வதுவே' என்று தொடுதலில் தொடங்கி நா, மூக்கு, கண், செவி, மனம் என்று அறிவை வகுத்துக்கொண்டு போகிறார். இன்றைய உணரிகளையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். ஐந்து வரைக்கும் ஆள் கிடைக்கும், ஆறாவதுக்குத்தான் கிடைக்காது.

சித்தப்பா வீட்டுக் கருவி மூக்கு வகை. உள்ளே வெள்ளீய ஆக்சைடு பூசிய சின்ன வில்லை ஒன்று சூடாகவே இருக்கும். சுத்தமான காற்றில் ஆக்சிஜன் அதன்மேல் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்வதால் மின்தடை கூடுதலாக இருக்கும். கேஸ் வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்ததும் பிடி தளரும், மின்தடை சட்டென்று விழும். அந்த வீழ்ச்சியைப் பார்த்துத்தான் மணி அடிக்கிறது. ஆனால் பேரன் அதை உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தான்! சிலிண்டரில் வரும் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். மேலே மாட்ட வேண்டியது புகை உணரி. சிலிண்டர் கேஸுக்கான உணரியைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் வைக்க வேண்டும். அன்றைக்கே கழற்றிக் கீழே மாட்ட வைத்தேன்.

இன்னொரு சொல்லையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும், அது மானி. அம்பாசமுத்திரம் பக்கம் தாத்தா மூட்டையிலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் பார்க்க வேண்டும். அவர் பல் உணரி. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்களே, அந்த எண்ணைக் காட்டும் கருவி ஈரமானி. ஒவ்வொரு மானிக்குள்ளும் ஓர் உணரி இருக்கும், ஆனால் உணரி மட்டும் எண் சொல்லாது.

சரி, உணரி ஓரிடத்தில் இருந்தால் அந்த இடத்தைத்தான் அறியும். திருநெல்வேலிப் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள்: தார்சா, பட்டாசாலை, இரண்டாங்கட்டு, அடுக்களை, மேலே மச்சு. பட்டாசாலையில் வைத்த தூசி உணரிக்கு அடுக்களையில் மிளகாய் வற்றல் தாளித்தது தெரிய நேரமாகும். மச்சில் பூட்டிக் கிடக்கும் புழுக்கம் தெரியவே தெரியாது. அறைக்கு ஒன்று வைக்கலாம், இல்லாவிட்டால் ஒன்றையே நடமாட விடலாம். இரண்டாவது வழிக்குத்தான் ரோபோ. வெப்பம், ஈரம், தூசி, கரியமில வாயு உணரிகளைச் சுமந்துகொண்டு, லேசரால் சுவர்களை அளந்து வீட்டின் வரைபடத்தைத் தானே போட்டுக்கொள்ளும். ஓரிடத்தில் நின்று, உணரி நிலைப்படும்வரை பொறுத்து, எந்த மூலையில் என்ன அளவு என்று குறித்துக்கொண்டு நகரும். கிடங்குகளிலும் பெரிய கணினி அறைகளிலும் இந்த முறை உதவுகிறது. நம் வீடுகளில் உயரமான நிலைப்படி வந்ததும் சக்கரம் நின்றுவிடும் என்பது வேறு விஷயம்.

ரோபோ என்ற சொல் செக் எழுத்தாளர் காரல் சாப்பெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தில் பிறந்தது. அவருடைய அண்ணன் யோசப் சொல்லிக் கொடுத்தது. செக் மொழியில் ரொபோட்டா என்றால் கூலியில்லாக் கட்டாய உழைப்பு. நம் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' அதேதான். தமிழில் இயந்திர மனிதன் என்பது எனக்கு ஒப்பவில்லை, தட்டு மாதிரி தரையில் ஊர்வதில் மனிதன் எங்கே இருக்கிறான்? 'கரும்பின் எந்திரம்' என்று சங்கப் பாடலிலேயே எந்திரம் இருப்பதால் எந்திரன் என்பது பரவாயில்லை. ரோபோ என்றே எழுதினாலும் குழப்பம் வராது, அதனால் அதற்காக நான் மல்லுக்கு நிற்க மாட்டேன்.

உணரியும் ரோபோவும் சேர்ந்து வீட்டுக்குள் காற்றையும் வெப்பத்தையும் கவனிக்கும் இந்த வேலை மொத்தத்துக்கும் பெயர் அகச்சூழல் கண்காணிப்பு. அகம் என்றால் உள், வீடு என்றும் பொருள் உண்டு. கண்காணி சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே மேற்பார்வை பார்ப்பவரைக் குறித்த சொல். அதுதான் தேயிலைத் தோட்டங்களில் கங்காணி ஆனது, மாஞ்சோலைப் பக்கம் இன்றைக்கும் சொன்னால் புரியும்.

சித்தப்பாவுக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "அது கேஸ் உணரி, சித்தப்பா" என்றேன். "அப்படித் தமிழ்ல சொல்ல வேண்டியதுதான" என்று போனை வைத்துவிட்டார்.