முற்போக்கு வில்லையா, ஏறுதிறன் வில்லையா?

கண்ணாடிக் கடைத் துண்டறிக்கைகளில் ‘புரோகிரசிவ் லென்ஸ்’ என்பதற்கு ‘முற்போக்கு வில்லை’ என்ற தொடர் இப்போது தாராளமாகப் புழங்குகிறது. ‘முற்போக்கு வில்லைகளுக்குச் சிறப்புத் தள்ளுபடி’ என்று படித்தால், அப்போது பிற்போக்கு வில்லைக்கு முழு விலையா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

முதலில் பொருள். வயது நாற்பதை ஒட்டும்போது விழியிலுள்ள வில்லையின் நெகிழ்ச்சி குறைந்து கிட்டத்து எழுத்து மங்குகிறது. வெள்ளெழுத்து என்பது அதற்கு நல்ல பெயர். பழைய ஆட்கள் சாளேசுரம் என்பார்கள். மராத்தியில் நாற்பதைக் குறிக்கும் சாளீஸ் அதில் ஒளிந்திருக்கிறது. தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு கண்ணாடிகளை மாற்றிப் போட்டு அலுத்த பெஞ்சமின் பிராங்க்ளின், இரண்டையும் பாதியாக வெட்டி ஒரே சட்டத்தில் பொருத்திக்கொண்டதை 1785இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அதுதான் பைஃபோகல். ‘பை’ இரண்டு, ‘ஃபோக்கஸ்’ லத்தீனில் அடுப்பு. ஒளி குவியும் புள்ளிக்கு அந்தச் சொல்லை எடுத்தவர் வானியலாளர் கெப்ளர். தமிழ்ப் பாடநூல்களில் அதற்குக் குவியம் என்பது நிலைத்துவிட்டது. ஆகவே இருகுவிய வில்லை. மூன்று பகுதி இருந்தால் முக்குவிய வில்லை, எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பல்குவிய வில்லை. இதுவரை சண்டையே இல்லை.

சண்டை புரோகிரசிவில் தொடங்குகிறது. 1959இல் பிரான்சில் பெர்னார் மெத்தனாஸ் உருவாக்கிய வேரிலக்ஸ் என்ற வில்லை இந்த வகையைச் சந்தையில் நிலைநிறுத்தியது. பைஃபோகலில் தெரியும் கோடு இதில் இல்லை. மேலே தூரம், நடுவே கணினித் திரை, அடியில் புத்தகம்; கண் கீழே இறங்க இறங்க வில்லையின் திறன், அதாவது பவர், வெட்டில்லாமல் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஏறுவதன் விலையாக ஓரங்களில் காட்சி கொஞ்சம் நெளியும். புதிதாகப் போட்டவர்கள் மாடிப்படியில் தடுமாறுவதும் உண்டு.

இதன் முழுப்பெயர் ‘புரோகிரசிவ் அடிஷன் லென்ஸ்’. கிட்டப் படிக்கத் தூரப் பவரோடு கூட்டுகிற பவர்தான் அடிஷன். மருந்துச் சீட்டில் ‘ஆட் +2.00’ என்று இருக்குமே, அது. சிறிது சிறிதாகக் கூடுவது அந்தக் கூட்டல். வில்லை எங்கும் முன்னேறிப் போகவில்லை! மொழிபெயர்த்தவர் நடுச்சொல்லைக் கைவிட்டார், மிஞ்சிய புரோகிரசிவுக்கு அகராதியின் முதல் வரியைப் பார்த்தார், வேலை முடிந்தது.

அந்த முதல் வரியும் இங்கே பொருந்தாது. தமிழில் முற்போக்கு என்பது வெறும் ‘முன்னே போதல்’ இல்லை. முற்போக்கு எழுத்தாளர் சங்கம், ஐக்கிய முற்போக்குக் கூட்டணி என்று கொள்கைச் சாயம் ஏறிய சொல் அது. நாளுக்கு நாள் முற்றும் நோயையும் ‘முற்போக்கு நோய்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளிக்கு அதில் என்ன ஆறுதலோ! ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று ஒட்டுப்போடும் பழக்கம் எந்திர மொழிபெயர்ப்பு வந்தபின் கூடியிருக்கிறது. ஆனால் பழியை எந்திரத்தின் மேல் மட்டும் போட முடியாது. அச்சுக்குப் போகுமுன் ஒரு மனிதர் படித்துத்தானே அனுப்புகிறார்?

‘படிநிலை வில்லை’ என்று இன்னொரு ஆக்கமும் உண்டு. முற்போக்கைவிடத் தேவலாம், ஆனாலும் தவறு. படி என்றால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவல் இருப்பது பைஃபோகலில். அதை ஒழிக்கத்தான் இந்த வில்லையே வந்தது. ‘பன்முகக் கண்ணாடி’ என்பாரும் உண்டு. வைரத்துக்கு முகம் உண்டு, இதற்கு ஏது?

என் தேர்வு ஏறுதிறன் வில்லை. ‘பவர்’ என்பதற்குப் பாடநூல் சொல்லும் சொல் திறன். பவர் ஏறுகிறது, இறங்குகிறது என்று பேச்சிலும் சொல்கிறோம். ஏறுவரிசை, ஏறுமுகம் போல வினைத்தொகையாக இயல்பாக நிற்கிறது, கூடுவதையும் சொல்கிறது. திறன் என்றால் திறமையாகத் தொனிக்காதா என்று கேட்கலாம். மின்திறனில் யாருக்கும் அப்படித் தொனிப்பதில்லையே.

கடையில் போய் இந்தச் சொல்லைச் சொன்னால் விழிப்பார்கள், அதுவும் சரிதான். அங்கே புரோகிரசிவ் என்றே கேளுங்கள். ‘கோடு தெரியாத கண்ணாடி’ என்றாலும் எடுத்துக் கொடுப்பார்கள். துண்டறிக்கை எழுதுகிறவர்களும் அப்படியே எழுதிவிட்டுப் போகலாம், முற்போக்கை விட்டுவிட்டால் போதும்.