மேலே எழும்பாத தண்ணீர்: நான்கு நதிகள் நீரூற்று இயங்கும் விதம்

ரோமின் பியாட்சா நவோனா சதுக்கம் நீளவாக்கில் கிடக்கும், வடமுனை வளைந்திருக்கும். 1-ஆம் நூற்றாண்டில் பேரரசர் டொமிஷியன் கட்டிய ஓட்டப்பந்தய அரங்கின் வடிவம் அது. பார்வையாளர் படிவரிசைகள் மேல் வீடுகள் எழுந்தன. ஓடுகளம் வெட்டவெளியாகவே நின்றுவிட்டது.

நடுவில் சிற்பி பெர்னினி 1651-இல் முடித்த நான்கு நதிகள் நீரூற்று. இத்தனை பிரம்மாண்டத்தில் தண்ணீர் ஏன் வானை நோக்கிப் பீய்ச்சவில்லை? பதில் அதற்கு நீர் கொண்டுவரும் கால்வாயில் இருக்கிறது. கி.மு. 19-இல் ரோமத் தளபதி அக்ரிப்பா கொண்டுவந்த கன்னிநீர்க் கால்வாய், சுமார் 20 கி.மீ. தூரத்தில் 4 மீட்டர்தான் இறங்குகிறது. கிலோமீட்டருக்கு 20 செ.மீ. தண்ணீர் சரிவில் தானாகவே ஓடி வந்தது. ஊற்று எவ்வளவு முயன்றாலும் வரும் நீரின் மட்டத்தைத் தாண்டி எழும்பாது. மாடித் தொட்டிக்குப் பக்கத்திலேயே குழாய் வைத்தால் தண்ணீர் சோம்பலாக வருமே, அதே கதைதான். குழாய் வாயைக் குறுக்கினால் ஓட்டம் குறைந்து உராய்வு இழப்பும் குறையும், வேகம் கொஞ்சம் கூடும். ஆனால் உயர வரம்பு மாறாது. அதே நீரில் ஓடும், ரோமிலேயே உள்ள ஸ்பானியச் சதுக்கத்தின் படகு வடிவ ஊற்றைத் தரைமட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்ததும் இதனால்தான். ஒரு மீட்டர் இறக்கினால் ஒரு மீட்டர் அழுத்தம் மிச்சம்.

பெர்னினி தண்ணீரை எழுப்பவில்லை, விழவிட்டார். வழவழப்பான கல்லில் நீர் ஒட்டிக்கொண்டு சத்தமின்றி வழியும். கரடுமுரடான டிராவர்டைன் என்ற சுண்ணாம்புப் பாறையில் மோதும்போது கிழிந்து, காற்றைச் சேர்த்துக்கொண்டு, வெண்மையாகி இரைகிறது. கொஞ்ச நீர் நிறைய நீராகத் தெரிவது அப்படித்தான். எனக்கு இதுவே அவருடைய மிகப் பெரிய சாமர்த்தியம்.

அந்தப் பாறைதான் சுமார் 16 மீட்டர் கிரானைட் தூணையும் தாங்குகிறது. அதுவும் நடுவே குடையப்பட்டு, மறுபக்கம் தெரியும்படி! கல் நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் எடை வளைவுகள் வழியே மூலைக் கால்களுக்கு இறங்குகிறது. ஆபத்து அடித்தளத்தில்: கால்கள் 4 மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு பக்கம் 1 செ.மீ. அமிழ்ந்தாலே 16 மீட்டர் தூணின் உச்சி அதன் அடியிலிருந்து 4 செ.மீ. விலகிச் சாயும்.

பாறையைச் சுற்றி நான்கு நதிகளின் சிலைகள். கையில் துடுப்போடு சாய்ந்திருப்பது நம் கங்கை. முகத்தை மூடியிருப்பது நைல். அதன் பிறப்பிடம் அன்று ஐரோப்பியருக்குத் தெரியாது. எதிரே பெர்னினியின் போட்டியாளரான பொரோமினி கட்டிய தேவாலயத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மூடிக்கொண்டது என்பது கட்டுக்கதை. தேவாலய வேலை தொடங்கியதே 1652-இல்.

1866 வரை ஆகஸ்ட் மாதங்களில் வடிகாலை அடைத்துச் சதுக்கத்தையே குளமாக்கினார்கள். வண்டிகள் நீரில் உருண்டன. அப்போது தரை நடுவில் குழிந்திருந்தது. பிறகு நடுவை மேடாக்கிவிட்டதால், இன்று ஊற்றினால் தண்ணீர் ஓரங்களுக்கு ஓடிவிடும்.