கேரவனுக்கு லித்தியம்: வேலூர் வெயிலில் ஒரு கணக்கு

லித்தியம் பேட்டரியோடு வரும் கையேட்டில் தடித்த எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும்: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள். காட்பாடியில் உட்கார்ந்து இதைப் படிப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். நமக்கான வரி சின்ன எழுத்தில் இருக்கிறது: சார்ஜ் ஏறும்போது பேட்டரியின் சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. மே மாதம் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. வெயிலில் நிற்கும் கேரவன் ட்ரெய்லரின், பேட்டரி வைக்கும் தகரப் பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போகிற கேம்பிங் ட்ரெய்லரில் பெரும்பாலும் வீட்டு இன்வெர்ட்டருக்கான டியூபுலர் வகை ஈய பேட்டரிதான் இருக்கும். 150 ஆம்பியர்-மணி என்று போட்டிருப்பார்கள். 12 வோல்ட்டால் பெருக்கினால், கணக்குப்படி 1,800 வாட்-மணி. ஆனால் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும். கைக்கு வருவது 900 தான். எடை 50 கிலோவுக்கு மேல். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதை இழுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி சுமார் 12 கிலோ. இதற்கு 12.8 வோல்ட் என்பதால் வரும் 1,280 வாட்-மணியில் 1,100 வரை தாராளமாக எடுக்கலாம்.

எடையைவிடப் பெரிய லாபம் சார்ஜ் ஏறும் வேகத்தில் இருக்கிறது. ஈய பேட்டரியில் முதல் 80 சதவீதம் வேகமாக ஏறும். மீதி 20 சதவீதம், நிறைந்துபோன டவுன் பஸ்ஸில் கடைசி நாலு பேர் ஏறுகிற கதைதான், மணிக்கணக்கில் இழுக்கும். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். லித்தியமோ ஏறத்தாழ நிறையும் வரை கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொள்ளும். மலையில் மேகத்துக்கும் மரத்துக்கும் நடுவே மூன்று மணி நேர வெயில்தான் கிடைக்கிறது என்றால், இந்த வித்தியாசம் இரவில் தெரியும்.

லித்தியம் என்றதும் தீப்பிடிக்கும் என்ற பயம் வருவது இயல்பு. ட்ரெய்லருக்கு வாங்க வேண்டியது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. இதில் ஆக்சிஜன் பாஸ்பரஸோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. சூடானாலும் எளிதில் விடுபடாது; எனவே கோபால்ட் வகைகளைப் போல உள்ளுக்குள்ளேயே எரிபொருளும் ஆக்சிஜனும் சேர்ந்துவிடும் ஆபத்து மிகக் குறைவு. 1997இல் டெக்சாஸில் ஜான் குடெனஃப் குழு அறிவித்த பொருள் இது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, இந்த மாதிரிச் சேர்மங்களில் மின்னழுத்தம் கூடுவதை குடெனஃபோடு சேர்ந்து ஆராய்ந்தவர் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற தமிழர். குடெனஃபுக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரையாற்றியதும் மந்திரம்தான்.

சரி, லேசில் தீப்பிடிக்காது. ஆனால் வெயிலில் கிழடாகும். குளிரில் சார்ஜ் செய்தால் லித்தியம் அயனிகள் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். சூட்டில் நடப்பது வேறு: அயனிகள் நீந்தும் திரவமான எலக்ட்ரோலைட் மெல்லச் சிதைந்து, கிராஃபைட்டின் மேலுள்ள படலம் தடித்துக்கொண்டே போகும். அதில் சிக்கிய லித்தியம் திரும்ப வேலைக்கு வராது. அதனால்தான் உள்ளே இருக்கும் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ்., சூடு எல்லையைத் தொட்டதும் சார்ஜை நிறுத்திவிடுகிறது. நல்ல வெயிலில் சோலார் ‘வேலை செய்யவில்லை’ என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். தீர்வு சுலபம்: வெளியே இழுவைக் கம்பியின் மேல் இருக்கும் பெட்டியிலிருந்து அதை உள்ளே, கட்டிலுக்கு அடியில் கொண்டுவந்துவிடலாம். ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜனை வெளிவிடும் என்பதால்தான் வெளியே வைத்தார்கள். இதற்கு அந்தத் தொல்லை இல்லை.

கூரையில் 300 வாட் பேனல் போட்டால் 300 வாட் வராது. அந்த எண் பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம் ஊர் மதியத்தில் பேனல் 65 டிகிரிக்குப் போகும், கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால் 14 சதவீதம் அங்கேயே போயிற்று. கூரைக்கும் பேனலுக்கும் நடுவே நாலைந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் காற்று ஓடும், கூரைக்கும் நிழலாகும். ஒட்டிவிடுகிற வளையும் பேனல் பார்க்க அழகு, இந்த வெயிலுக்கு நான் சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். வேலூர் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. வட நாடுகளில் பேனலைச் சாய்த்து நிறுத்தப் பெரும் பாடுபடுவார்கள். இங்கே கூரையில் படுக்கையாகக் கிடந்தாலும் ஆண்டு முழுவதற்கும் இழப்பு சில சதவீதம்தான். ஜூனில் உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, தெற்கே சாய்த்தால் நஷ்டம் கூட. நிழல்தான் எதிரி. பேனலின் செல்கள் வரிசையாக இணைந்தவை. புளியமரக் கிளை ஒன்றின் நிழல் மூலையில் விழுந்தாலும் அந்த வரிசையின் உற்பத்தி படுத்துவிடும். நமக்கு வேண்டியது மர நிழல், பேனலுக்கு வேண்டியது வெட்டவெளி. நீண்ட கேபிளோடு தரையில் விரிக்கிற பேனல் ஒன்று இருந்தால் இந்தச் சண்டை தீரும்.

இனி மிக்சி. சட்னி அரைக்காத முகாம் நம்மிடம் ஏது? 750 வாட் மிக்சியை நாலு நிமிடம் ஓட்டினால் செலவு 50 வாட்-மணிதான். ஒரு ஃபேன் இரவு முழுக்கத் தின்பது இதைப்போல ஆறு மடங்கு. ஆனால் அந்த நாலு நிமிடமும், இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, 12 வோல்ட் பக்கத்தில் 68 ஆம்பியர் ஓடும். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் போக வர நாலு மீட்டர் இருந்தால், 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிட்டத்தட்ட 140 வாட் ஒயரைச் சுட வைக்கும். 25 சதுர மில்லிமீட்டர் கேபிளில் அது 13 வாட். பழைய பேட்டரி இவ்வளவு இழுத்தால் தானே தளர்ந்து இன்வெர்ட்டரை நிறுத்திவிடும். லித்தியம் தளராது, கேட்டதைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். ஆகவே பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே டி.சி.க்கான ஃபியூஸ் வேண்டும். வீட்டு ஏ.சி. பிரேக்கரை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, டி.சி.யில் பொறி எழுந்தால் லேசில் அணையாது.

இதே குணம் காரின் ஆல்டர்னேட்டரையும் வாட்டும். நேரே இணைத்தால் அது கொடுக்க முடிந்ததையெல்லாம் லித்தியம் உறிஞ்சும். ஐட்லிங்கில் நிற்கும்போது ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகக்கூட வாய்ப்புண்டு. நடுவில் 20 ஆம்பியர் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்றைப் போட்டால் அளவோடு வாங்கும். சோலார் கன்ட்ரோலரிலும், வெளி மின்சாரத்தில் ஓடும் சார்ஜரிலும் சார்ஜ் வோல்ட்டேஜை 14.2 முதல் 14.4 வரை வைத்து, ஈய பேட்டரிக்காக அவ்வப்போது வோல்ட்டேஜை ஏற்றிவிடும் ஈக்வலைசேஷனை அணைத்துவிட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரையே தூக்கி வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். இரண்டாவது, அது சும்மா இருக்கும்போதே 15 வாட் தின்றால் ஒரு நாளில் 360 வாட்-மணி போகும்.

இன்னொன்று: வோல்ட் மீட்டரைப் பார்த்து மீதியைச் சொல்லும் பழக்கத்தை விட வேண்டும். 90 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் லித்தியத்தின் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றுதான். போவதையும் வருவதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் ஷண்ட் மீட்டர்தான் உண்மை சொல்லும்.

ஊர் திரும்பியதும் வண்டியை வாசலில் நிறுத்தி, சோலாரையும் இணைப்பிலேயே விட்டுவிடுவார்கள். அது முழுச் சார்ஜில், கோடை முழுக்க வேகும். பேட்டரிக்கு அதைவிடக் கெடுதலானது அதிகம் இல்லை. பாதியளவுக்கு இறக்கி, பேனல் இணைப்பைத் துண்டித்து, முடிந்தால் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள், 12 கிலோதானே. பி.எம்.எஸ். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.