41-ஆம் நாள் படிக்கட்டு

மும்பையில் பிள்ளை பெற்ற பெண் உடற்பயிற்சியைத் தேடிப் போக வேண்டியதில்லை. மாதுங்காவில் லிஃப்ட் இல்லாத பழைய மூன்று மாடிக் கட்டடம், தாராவியில் ஏணிபோல் செங்குத்தாக நிற்கும் இரும்புப் படி, விடிவதற்குள் குழாயில் பிடித்துவைக்க வேண்டிய தண்ணீர், குர்லா ஸ்டேஷன் பாலம் என்று எல்லாமே தானாக வந்து நிற்கும். உடம்பு எப்போது அதற்குத் தயார் என்பதுதான் கேள்வி.

வீட்டுக்குள்ளேயே இதற்கு இரண்டு பதில்கள் கிடைக்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, "பச்சை உடம்பு, 40 நாளைக்கு அசையாதே" என்பார். பக்கத்து வீட்டு மராத்தி ஆஜியும் (பாட்டியும்) 'சவ்வா மஹினா', அதாவது ஒன்றேகால் மாதம் என்று ஏறக்குறைய அதே கணக்கைச் சொல்லி, கூடவே ஒரு டப்பா டிங்க் லாடு (கோந்து லட்டு) கொடுத்துவிட்டுப் போவார். ஆஸ்பத்திரியிலோ சிசேரியன் முடிந்து 24 மணி நேரம் ஆவதற்குள் நர்ஸ் கையைப் பிடித்து எழுப்பி நடக்க வைத்துவிடுகிறார். இரண்டு தரப்பும் உடம்பின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றிப் பேசுவதால்தான் இந்த முரண். கர்ப்பப்பைக்கு ஒரு கணக்கு, இரத்தத்துக்கு ஒரு கணக்கு, வயிற்றுச் சுவருக்கும் இடுப்புக்கும் இன்னொரு கணக்கு.

40 நாள் கணக்கு கச்சிதமாகப் பொருந்துவது கர்ப்பப்பைக்கு. பிரசவம் முடிந்தவுடன் அதன் எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ. மேல்விளிம்பு தொப்புள் உயரத்தில் இருக்கும். நாளுக்கு ஒரு விரல்கடை அளவு இறங்கி, இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக்குள் மறைந்துவிடும். ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். நஞ்சுக்கொடி பிரிந்த இடத்தில் உள்ளே ஒரு பெரிய புண் இருக்கிறது. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்ந்த இடம் அது. அங்கே கர்ப்பப்பையின் தசைநார்கள் இறுகி, இரத்தக் குழாய்களை நெரித்து மூடுகின்றன. பால் கொடுக்கும்போது அடிவயிறு சுண்டி இழுப்பதும் இந்த வேலையின் பகுதிதான். குழந்தை சப்பும்போது சுரக்கும் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கர்ப்பப்பையையும் சுருங்கச் சொல்கிறது. முதல் சில நாள் சிவப்பாக இருக்கும் உதிரப்போக்கு, பிறகு பழுப்பாகி, வெளுத்து, நாலு முதல் ஆறு வாரத்தில் நிற்கும். அப்படி வெளுத்துக்கொண்டு வந்தது, ஒரு நாள் அலைச்சலுக்குப் பிறகு திரும்பச் சிவந்தால், அன்றைய வேலை அதிகமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதைவிட நம்பகமான அளவுகோலைக் கைக்கடிகார ஆப் எதுவும் தராது.

இரத்தத்தின் கதை நேர்மாறானது. பிரசவத்தில் உயிர்போகுமளவு இரத்தம் வெளியேறிவிடக் கூடாது என்பதற்காக, கர்ப்பகாலத்திலேயே உடம்பு இரத்தம் உறையும் தன்மையைக் கூட்டி வைத்துவிடுகிறது. பிள்ளை பிறந்த பிறகும் அது உடனே இறங்குவதில்லை. கலிபோர்னியாவில் சுமார் 17 லட்சம் தாய்மார்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆறு வாரத்தில் இரத்தக்கட்டி தொடர்பான ஆபத்து சாதாரண நேரத்தைவிட ஏறக்குறைய 11 மடங்கு. அடுத்த ஆறு வாரத்திலும் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். ஆபத்து நேரும் பெண்களின் எண்ணிக்கை மிகச் சிறியதுதான். ஆனால் அந்தச் சிறிய எண்ணிக்கையைக் கூட்டும் முக்கியமான விஷயங்களில் ஒன்று அசையாமல் படுத்திருப்பது. கெண்டைக்கால் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் காலில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுத்தே இருந்தால் அந்தத் தள்ளல் இல்லை. நர்ஸ் எழுப்பி நடக்க வைப்பது இதற்காகத்தான். அந்த விஷயத்தில் அம்மாவைவிட நர்ஸ் பக்கமே நான்.

தாய்வீட்டுப் பிரசவம் என்று நெல்லைக்குப் போய்விட்டு, தாதர் வரும் சாளுக்கியா எக்ஸ்பிரஸில் கைக்குழந்தையோடு ஒன்றரை நாள் திரும்பி வருபவர்கள் நம்மவர்களில் நிறைய உண்டு. முடிந்தால் இந்தப் பயணத்தை முதல் ஆறு வாரத்துக்குள் வைக்காமலிருப்பது நல்லது. வைத்தே ஆகவேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, மணிக்கு ஒருமுறை எழுந்து பெட்டிக்குள் நடக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். ரயில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பதும், பத்தியம் என்று வீட்டில் தண்ணீரைக் குறைப்பதும் ஒன்றுதான். பத்தியத்தில் பூண்டுக் குழம்பு, சுக்கு, லேகியம் எதோடும் எனக்குச் சண்டையில்லை, இந்த ஒன்றோடு மட்டும் உண்டு.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்தக் காலை மாலிஷ்காரப் பெண்மணியிடம் கொடுத்து எண்ணெய் போட்டு நீவச் சொல்லக் கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைவது, காய்ச்சல், கண் மங்கலோடு வரும் கடும் தலைவலி ஆகியவையும் காத்திருக்கும் விஷயமில்லை.

இனி வயிற்றுச் சுவர். பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான், அறிவியல் சுவையானதும் இங்கேதான்.

வயிற்றின் முன்பக்கத்தில் இரண்டு நீளத் தசைகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன. அவற்றை நடுவில் இணைப்பது ஒரு நார்ப்பட்டை. கர்ப்பத்தில் இந்தப் பட்டை அகன்று, தசைகள் இரண்டும் விலகிப்போகின்றன. நார்வேயில் முதல் பிள்ளை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து கவனித்தபோது, பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் 60 சதவீதம் பேருக்கு இந்த இடைவெளி இருந்தது. ஒரு வருடம் கழித்து மூன்றில் ஒருவருக்கு. அதாவது 40 நாள் முடியும்போது பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இடைவெளி மூடும் வேலை முடியவே இல்லை. படுத்தபடி தலையை மட்டும் தூக்கும்போது வயிற்றின் நடுவே ஒரு மேடு எழுந்தால், பட்டை இன்னும் தளர்வாகவே இருக்கிறது.

இடுப்பின் அடியில் இருப்பது இடுப்புத் தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை. சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவரும்போது இந்தத் தசையின் உட்பகுதி தன் நீளத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இழுபடுகிறது என்று 2004-இல் ஒரு கணினி மாதிரி கணக்கிட்டது. அவ்வளவு இழுபட்டும் பெரும்பாலோருக்கு அது முதல் ஆறு மாதத்தில் பெருமளவு மீண்டுவிடுவது ஆச்சரியம்தான். இருமினால், தும்மினால், சிரித்தால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிவது முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண்ணுக்கு நடக்கிறது. வெளியே யாரும் பேசுவதில்லை, அவ்வளவே. சிசேரியன் ஆனவர்களுக்கும் கசிவு வரலாம். ஒன்பது மாதம் எடையைத் தாங்கியது அதே தளம்தானே.

இந்த இரண்டையும் இணைப்பது வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தம். மேலே உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத் தசை), கீழே இடுப்புத் தளம், முன்னால் வயிற்றுத் தசை, பின்னால் முதுகு: நாலு பக்கமும் மூடிய இடம். மூச்சை இழுக்கும்போது உதரவிதானம் இறங்குகிறது, இடுப்புத் தளமும் கொஞ்சம் இறங்கி இடம் கொடுக்கிறது. மூச்சை விடும்போது இரண்டும் மேலே வருகின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கினால் உள்ளே அழுத்தம் சட்டென்று ஏறும். பலவீனமான பக்கம் எதுவோ அந்தப் பக்கம் பிதுங்கும்: முன்னால் நார்ப்பட்டை, அல்லது கீழே இடுப்புத் தளம். அதனால்தான் பிசியோதெரபிஸ்டுகள் தூக்கும் நொடியில் மூச்சை வெளியே விடச் சொல்கிறார்கள். மலச்சிக்கலோடு முக்குவதும் இதே அழுத்தம்தான். தண்ணீரைக் குறைக்காதே என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

'வயித்துக்குள்ள காத்து பூந்துடும்' என்று பழைய வேட்டியால் இறுக்கிக் கட்டும் வழக்கத்தையும் இங்கே பார்த்துவிடலாம். காற்றெல்லாம் புகாது. ஆனால் மிதமான கட்டு சிசேரியன் ஆனவர்களுக்கு இருமும்போதும் எழும்போதும் இதமாக இருக்கும், வலி குறையும், அதனால் நடப்பார்கள். இடைவெளியை அது மூடிவிடாது. மூச்சுமுட்ட இறுக்கினால் கெடுதல்: பேஸ்ட் ட்யூபை நடுவில் அமுக்கினால் பேஸ்ட் கீழ்ப்பக்கம் வருவதுபோல, அழுத்தம் மொத்தமும் ஏற்கனவே களைத்திருக்கும் இடுப்புத் தளத்தின் மேல் இறங்கும்.

சிசேரியனில் வயிற்றுத் தசையையே அறுத்துவிடுகிறார்கள் என்று நினைப்பவர்கள் அதிகம். வழக்கமான முறையில் அந்த நீளத் தசைகளை இரண்டு பக்கமும் விலக்கத்தான் செய்கிறார்கள். வெட்டுப்படுவது தோல், கொழுப்பு, தசையின் மேலுள்ள கெட்டியான உறை, அப்புறம் கர்ப்பப்பை. வெளித்தையல் சீக்கிரம் ஆறிவிடும். அந்த உறை மட்டும் நிதானமாகத்தான் தேறும். ஆறு வாரத்தில் பழைய வலிமையில் பாதிக்குச் சற்று மேல், ஆறேழு மாதத்தில்தான் ஏறக்குறைய முக்கால் அல்லது அதற்கு மேல். தோலைப் பார்த்து 'ஆறிப்போச்சு' என்று 41-ஆம் நாள் 15 லிட்டர் பக்கெட்டைத் தூக்குபவர், பாதி வலிமையுள்ள ஓர் உறையின் மேல் 15 கிலோ சுமையை ஏற்றுகிறார். முதல் வாரங்களில் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதே என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, அப்படியானால் ஆறு மாதம் சும்மா இருந்துவிடலாமா? அதுவும் உதவாது. புதிதாக உருவாகும் கொலாஜன் (திசுவுக்கு வலிமை தரும் புரதம்) நார்கள் முதலில் தாறுமாறாகக் கிடக்கின்றன. மிதமான இழுவிசை வரும்போதுதான் திசுவின் செல்கள் அதை உணர்ந்து, இழுபடும் திசையிலேயே நார்களை அடுக்குகின்றன. இழுவிசையே இல்லையென்றால் தழும்பு பலவீனமாக ஆறும். கூடிப்போனால் பிய்யும். அதனால் தினமும் ஏதாவது சுமை வேண்டும், நேற்றையதைவிடக் கொஞ்சம் கூடுதலாக. 40 நாள் படுக்கையும் அதன் மறுநாளே முழு வீட்டு வேலையும் என்ற நம் பழக்கத்தில் எனக்குள்ள குறை இந்தத் தாவல்தான். முன்பெல்லாம் கூட்டுக் குடும்பத்தில் 41-ஆம் நாளும் உதவிக்கு நாலு கைகள் இருந்தன. அம்மா டிக்கெட் போட்டு ஊருக்குக் கிளம்பிவிட்ட ஒற்றையறை வீட்டில் அப்படி இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக எப்படி? முதல் நாள்களில் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, வயிறு எழுந்து தாழ மூச்சு விடுவது, அறைக்குள் நடப்பது. தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் நேராக எழக் கூடாது. பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, மண்டியிட்டு, ஒரு காலை முன்னால் வைத்து எழ வேண்டும். இடுப்புத் தளப் பயிற்சியை, டாக்டர் வேறு எதுவும் சொல்லாவிட்டால், வலியில்லாத அளவுக்கு முதல் நாள்களிலேயே தொடங்கலாம். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் எழுதிப் பிரபலமாக்கிய பயிற்சி அது. வாயுவை அடக்குவதுபோல் உள்ளே இறுக்கிச் சில நொடி பிடித்து, முழுதாக விடுவது; ஒருமுறைக்கு எட்டு, நாளுக்கு மூன்று முறை. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவது வேண்டாம்.

படிக்கட்டு தடைசெய்யப்பட்ட பொருள் இல்லை. மெதுவாக ஏறுவதற்கு, சும்மா உட்கார்ந்திருப்பதைவிட நாலு மடங்கு ஆற்றல் தேவை; வேகமாக ஏறினால் அது எட்டு மடங்கைத் தாண்டும். ஒரே படியில் இரண்டு காலையும் வைத்து வைத்து, கைப்பிடியைப் பிடித்து ஏறினால் இடுப்பெலும்பின் மூட்டுகளுக்கும் சுகம். ஒவ்வொரு மாடியிலும் நின்று போகலாம். குழந்தையை ஒருவர் எடுத்துவர, காய்கறிப் பையை இன்னொருவர் எடுத்துவர, அம்மா வெறுங்கையோடு ஏறுவது முதல் மாதங்களுக்கு நல்ல ஏற்பாடு. வீட்டு ஆண்கள் இதைக் கவனிக்கலாம்.

ஒரு மாடி ஏறுவதற்குள் நெஞ்சு படபடவென்று அடித்தால் அது பயிற்சி இல்லாததால் மட்டும் அல்ல, இரத்தசோகையாகவும் இருக்கலாம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்கில் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது உண்டு. பிரசவத்தில் போகும் இரத்தமும் அதன்மேல் சேரும். பிள்ளை பிறந்த பின் 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை தரவேண்டும் என்பது அரசுத் திட்டம். அதை கட்டிங் சாயோடு போட்டால் தேயிலை பாதியைத் தடுத்துவிடும், தனியாகப் போடவேண்டும். படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால்தான் விடமுடிகிறது என்றால் இதயத்தைப் பார்க்கவேண்டும்.

நடந்தால் பால் வற்றிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பால் கொடுக்கும் பெண்கள் 12 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், 45 நிமிடம் வரை உடற்பயிற்சி செய்தார்கள். பாலின் அளவும் மாறவில்லை, குழந்தைகளின் எடையும் குறையவில்லை. சாப்பாட்டைக் குறைக்காமல் இருக்கவேண்டும். முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை என்கிறது நம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்).

ஆறு வாரப் பரிசோதனையில் டாக்டர் சரி என்றால் வேக நடையைக் கூட்டலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி; அதைப் பத்துப் பத்து நிமிடமாக, மாதுங்கா ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றியோ செம்பூர் சந்து வழியாகவோ நடந்தாலும் கணக்கில் சேரும். ஓட்டம் கடைசியில். பிரிட்டிஷ் பிசியோதெரபிஸ்டுகள் 2019-இல் எழுதிய வழிகாட்டுதல் அதை மூன்று மாதத்துக்குப் பிறகுதான் தொடங்கச் சொல்கிறது. அதற்கு முன் 30 நிமிடம் நடக்கவும், ஒற்றைக்காலில் பத்து நொடி நிற்கவும், ஒற்றைக்காலில் பத்து முறை துள்ளவும் முடியவேண்டும், வலியோ கசிவோ கீழே ஏதோ இறங்குகிற உணர்வோ இல்லாமல். லோக்கல் ரயிலுக்காக பிளாட்பாரத்தில் ஓடுவதும் இந்தக் கணக்கில்தான் வரும். மூன்று மாதத்துக்குப் பிறகும் கசிவு இருந்தால் பேட் வைத்துச் சமாளித்துக்கொண்டே வேலைக்குப் போகாமல், இடுப்புத் தளத்தில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டைப் பார்க்கலாம். பெரிய ஆஸ்பத்திரிகளில் மகப்பேறு டாக்டரிடம் கேட்டாலே அனுப்பிவைப்பார்கள்.