டூட்டூ அணிந்த பின் சமையலறைப் பக்கம் வராதீர்கள்

பாலே நடனக் குழுக்களின் உடைகளைத் தைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், முறையான அரங்கம் இல்லாத சிற்றூர்களுக்குச் சென்று ஆடும் சிறு குழு ஒன்றோடு உடைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு நானும் போவதுண்டு. நகரத்து அரங்கில் புகைபிடிக்கத் தடை, தீக்காவலர், சோதனைச் சான்றிதழ் என எல்லாம் இருக்கும். கிராமத்துச் சமூகக் கூடத்தில் உடை மாற்றும் அறையே பெரும்பாலும் சமையலறைதான். ஒரு பக்கம் எரிவாயு அடுப்பில் தேநீருக்கு நீர் கொதிக்க, மறுபக்கம் நடனக் கலைஞர் கொக்கிகளை மாட்டிக்கொண்டு நிற்பார். குளிர்காலமானால் கூடத்தின் மூலையில் விறகடுப்பு எரியும். நிகழ்ச்சி அழகாக இருக்கட்டும் என்று ஊரார் மேசைதோறும் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருப்பார்கள்.

இத்தகைய ஊர்களில் நான் மிகவும் அஞ்சுவது கலைஞர் தம் டூட்டூவின், அதாவது பாலே ஆடுபவர் அணியும் வலைத்துணிப் பாவாடையின், மேல் வைத்திருக்கும் அன்பைத்தான். அந்த அன்பு எனக்குப் புரியாததல்ல. இடுப்பிலிருந்து தட்டுப்போல் விரிந்து நிற்கும் செவ்வியல் டூட்டூ ஒன்றில் வலைத்துணி பத்துப் பன்னிரண்டு அடுக்குகள் இருக்கும். ஒவ்வோர் அடுக்கையும் சுருக்கி, உள்ளாடையோடு இணைத்து, அடுக்குகள் தனித்தனியே சரிந்துவிடாதபடி அவற்றினூடே கையால் தளர்தையல் போட்டு முடிப்பதற்குள் பல நாள் வேலை ஆகிவிடும். உட்கார்ந்தால் நசுங்கும் என்பதற்காக ஆடுபவர் இடைவேளை முழுவதும் நின்றே கழிப்பார். பயணத்தில் அதைத் தலைகீழாகத் தொங்கவிடுவோம், அல்லது வட்டப் பையில் கிடத்தி எடுத்துச் செல்வோம். எங்கள் குழுவின் இளங்கலைஞர் ஒருவர், ஆட்டம் முடிந்தும் அதைக் கழற்ற மனமில்லாமல், தொட்டுப் பார்க்கத் துடிக்கும் சிறுமிகளுக்கு நடுவே, தேநீர்க் கோப்பையும் மெழுகுவத்தியும் நிறைந்த மேசைகளைச் சுற்றிச் சுற்றி வருவார். பார்ப்பவர்களுக்கு அது இன்பமான காட்சி. எனக்கோ அவருடைய பாவாடையின் விளிம்பைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

அவரவர் உடம்பு எங்கே முடிகிறது என்பது அவரவருக்குத் தெரியும். ஆனால் டூட்டூவின் விளிம்பு இடுப்பிலிருந்து ஏறத்தாழ 35 முதல் 40 செ.மீ. தள்ளி நிற்கிறது, முதுகுப்புறம் அது எதை உரசுகிறது என்பதை ஆடுபவரால் உணரவே முடியாது. தீப்பிடித்தால் பரவும் வேகமும் துணியின் அமைப்பிலேயே இருக்கிறது. நெருக்கமாக நெய்த கனத்த துணிக்குள் காற்று எளிதில் புகாது. வலைத்துணியிலோ ஒவ்வோர் இழையைச் சுற்றிலும், ஒவ்வோர் அடுக்குக்கு இடையிலும் காற்று இருக்கிறது. பருத்தி வலை சட்டெனச் சுடர்விட்டு எரியும். நைலானும் பாலியஸ்டரும் உருகிச் சொட்டித் தோலில் ஒட்டும். நைலான் தீயைக் கண்டு சுருங்கி விலகிவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். அடியில் பருத்தி உள்துணி இருந்தால், உருகிய நைலான் அதைப் பற்றிக்கொண்டு விலகாமல் எரியும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பாலே வரலாற்றில் இதற்குக் கொடுத்த விலை பெரியது. லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 1844 டிசம்பரில் மேடை விளக்கின் தீ உடையில் பற்றியதில் நடனக் கலைஞர் கிளாரா வெப்ஸ்டர் மூன்று நாளில் இறந்தார். 1861இல் ஃபிலடெல்ஃபியாவின் கான்டினென்டல் அரங்கில் உடை மாற்றும் அறையில் ஒருவர் உடையில் பற்றிய தீ, அணைக்க ஓடிவந்த மற்றவர்களின் மெல்லிய பாவாடைகளுக்கும் தாவியது. குறைந்தது ஆறு பேர் மாண்டார்கள். என்னை மிகவும் உறுத்துவது பாரிஸ் ஓப்பரா அரங்கின் நடனக் கலைஞர் எம்மா லிவ்ரியின் கதை. அரங்க உடைகளைத் தீத்தடுப்புக் கரைசலில் தோய்க்க வேண்டும் என்று பிரான்ஸில் 1859இலேயே ஆணை பிறந்துவிட்டது. தோய்த்த துணி விறைத்து, பழுப்பேறி, மங்கித் தெரிந்தது. தோய்க்காத பாவாடையிலேயே ஆடுவேன், விளைவுக்கு நானே பொறுப்பு என்று லிவ்ரி ஓப்பரா இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தார். 1862 நவம்பர் 15 அன்று, ஒத்திகையில் உட்காரும்போது பாவாடை நசுங்காமலிருக்க அதைத் தூக்கி உதறினார். எழுந்த காற்றில் எரிவாயு விளக்கின் சுடர் வலைத்துணியில் தாவியது. எட்டு மாதம் வேதனையில் கிடந்து, இருபது வயதில், 1863 ஜூலையில் இறந்தார். பாவாடையைத் தூக்கி உதறும் அதே அசைவை இன்றைய கலைஞர்களிடமும் நாள்தோறும் காண்கிறேன். உடையைக் காக்கவென்று செய்யப்படும் அந்த அசைவுதான் அடுக்குகளுக்குள் காற்றையும் செலுத்துகிறது.

இன்றைய தீத்தடுப்புக் கரைசல்கள் லிவ்ரி வெறுத்தவற்றைவிட எவ்வளவோ மேலானவை என்றாலும், அவற்றில் பல நீரில் கரையும் உப்புகள்தாம். ஒரு முறை துவைத்தால் போய்விடும், வியர்வையிலும் குறையும். இழையிலேயே தீத்தடுப்புத் தன்மை கொண்ட துணி வேறு, மேலே தெளித்த துணி வேறு. வாங்கும்போது எது என்று கேளுங்கள், ஒரு துண்டை வெட்டித் திறந்தவெளியில், பக்கத்தில் நீர் வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். டூட்டூவை அடிக்கடி துவைக்க முடியாது என்பதால் வியர்வை நாற்றம் போக நாங்கள் வோட்காவில் நீர் கலந்து தெளிப்பது வழக்கம் (உடைப்பிரிவின் செலவுக் கணக்கில் வோட்கா இருப்பதைக் கண்டு கணக்கர்கள் புருவம் உயர்த்துவார்கள்). அது முழுவதும் உலரும்வரை ஆல்கஹால் ஆவி துணியைச் சூழ்ந்திருக்கும். கொண்டையை நிலைநிறுத்த அடிக்கும் தலைமுடித் தெளிப்பானும் எரியக்கூடியதே. ஆகவே தெளிக்கும் வேலை எதுவும் சமையலறையில் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

ஊரார் வருத்தப்படுவார்கள் என்று தயங்காமல், கூடத்துக்குப் போனதும் மெழுகுவத்திகளை எடுத்துவிட்டு மின்கல விளக்குகளை வைக்கச் சொல்கிறேன். விறகடுப்பின் முன் தடுப்பு வைத்து நாற்காலிகளால் மறிக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் டூட்டூ நேரே பைக்குள் போக வேண்டும். சிறுமிகள் தொட்டுப் பார்க்க வலைத்துணித் துண்டுகளையும் பழைய மேற்சட்டை ஒன்றையும் தனியே கொண்டுபோகிறேன். ‘கழற்றிவிட்டால் நான் வெறும் ஆள்’ என்று முணுமுணுத்த கலைஞரும் இப்போது கம்பளி மேலாடையோடு வந்து தேநீர் குடிக்கிறார்.

இது மேடைக்கு மட்டும் உரிய செய்தியன்று. பிரிட்டனில் 2014இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவரின் சிறு மகள் அணிந்திருந்த ஹாலோவீன் உடை மெழுகுவத்தியில் பற்றியபோதுதான், குழந்தைகளின் வேடிக்கை உடைகள் பொம்மைகளுக்கான தரத்தின்படியே சோதிக்கப்படுகின்றன என்பது பலருக்குத் தெரியவந்தது. நம் வீட்டுக் குழந்தைகள் பிறந்தநாளுக்கு அணியும் அடுக்கடுக்கான நெட் கவுனும் இதே துணிதான். அதை அணிவித்துக் கேக் மெழுகுவத்தியின் மேல் குனியச் சொல்கிறோம். குத்துவிளக்கின் அருகே நிறுத்திப் படம் எடுக்கிறோம். தீபாவளியன்று மத்தாப்பைக் கையில் கொடுக்கிறோம். கவுனைப் படத்துக்கு மட்டும் அணிவித்துவிட்டு, மத்தாப்புக்கு உடலோடு ஒட்டிய பருத்தி உடையை மாற்றுங்கள்.

உடையில் தீப்பற்றிவிட்டால் ஓட விடாதீர்கள். உடனே தரையில் கிடத்தி, கம்பளியாலோ தீப்போர்வையாலோ இறுக மூடி, உருட்டி அணையுங்கள். டூட்டூ விறைத்து நிற்பதால் உருளுவது கடினம், போர்வையால் அழுத்தியே ஆக வேண்டும். நீங்களும் வலைத்துணி அணிந்திருந்தால் நெருங்காமல் வேறொருவரை அழையுங்கள். தீ அணைந்ததும் ஓடும் குளிர்ந்த நீரில் காயத்தை இருபது நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டியும் பற்பசையும் வேண்டாம். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.