எக்ஸ்ட்ரா ஹெவி வாங்கிவிட்டால் போதுமா?

உடைந்த தூண்டில் ராடுகளைச் சரிசெய்வது என் தொழில். மத்திய ஃபுளோரிடாவில், கிஸ்ஸிம்மி ஏரிகளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பட்டறை. வளையம் மாற்றுவது, முனை ஒட்டுவது, கேட்பவர்களுக்குப் புது ராடு கட்டித் தருவது என்று பிழைப்பு ஓடுகிறது. இத்தனை வருடத்தில் மீன் உடைத்த ராடு என்று நான் பார்த்தவை மிகக் குறைவு. கார் கதவு உடைத்தது உண்டு. வீட்டு மின்விசிறி உடைத்தது உண்டு. மிச்சமெல்லாம் பிடித்திருந்தவர் கை உடைத்ததுதான்.

போன மாதம் ஆர்லாண்டோவிலிருந்து நம்மூர்த் தம்பி ஒருவர் வந்தார். மென்பொருள் வேலை, பாஸ் மீன் பிடிக்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. கையில் 8 அடி எக்ஸ்ட்ரா ஹெவி, அதாவது விறைப்பு மிகுந்த வகைக் காஸ்டிங் ராடு, முனையிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி முறிந்திருந்தது. "செடி அடர்த்தியா இருக்கிற இடத்துக்கு இருக்கிறதுலயே முரட்டு ராடா வாங்கச் சொன்னாங்க அண்ணா" என்றார். அதில் என்ன எறிந்தீர்கள் என்று கேட்டேன். அரை அவுன்ஸ் ரப்பர் தவளையாம். ஒழுங்காக எறிய வரவில்லை, ரீலில் ஒரே சிக்கு, கடித்த நான்கு மீன்களில் மூன்று கழன்றுவிட்டன, நான்காவதைப் படகுக்குள் தூக்கும்போது 'டப்'. இந்தப் பதிவை எழுத அவர்தான் காரணம்.

பெரிய வாய் பாஸ் நம்மூர் விரால் மாதிரி ஒளிந்திருந்து பாயும் மீன். நிழலும் மறைவும் உள்ள இடத்தில் கிடக்கும், அதனால் செடிக்குள்தான் தேட வேண்டும். ஆனால் 'அடர்ந்த செடி' என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவது உண்மையில் மூன்று நான்கு வேறு வேறு இடங்கள். ஃபுளோரிடாவின் ஒகீச்சோபி ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 730 சதுர மைல் விரிந்து கிடக்கும் அந்த ஏரியின் சராசரி ஆழம் வெறும் 9 அடி. அதனால் செடிக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பக்கம் அல்லி இலை விரிந்திருக்கும். இன்னொரு பக்கம் ஆள் உயரக் கோரை. காற்று ஒதுக்கிய மூலையில் ஆகாயத்தாமரையும் பாசியும் சேர்ந்து பாய் விரித்தது போல மூடிக் கிடக்கும். தண்ணீருக்கு அடியில் ஹைட்ரில்லா. இந்த ஹைட்ரில்லாவுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டி வியாபாரத்துக்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்குக் கொண்டுவரப்பட்ட செடி இது. 1960 வாக்கில் திறந்த நீர்நிலைகளில் தென்பட்டது, அப்புறம் அடக்கவே முடியவில்லை. சின்னத் துண்டு போதும், முளைத்துவிடும். ஆகவே கரையேறியதும் படகிலும் டிரெய்லரிலும் ஒட்டிய செடியை அங்கேயே பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, ராடுக்கு வருவோம். ராடின் முனை லூருக்கு (மீனை ஏமாற்றும் பொய் இரைக்கு), நடுத்தண்டும் அடித்தண்டும் மீனுக்கு. லூரை எறிவதும் ஆட்டுவதும் முனையின் வேலை. முள்ளை ஏற்றி, மீனைச் செடியிலிருந்து பிரித்து இழுப்பது தண்டின் வேலை. கடையில் எல்லோரும் தண்டை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள், முனையை யாரும் நினைப்பதில்லை.

ரப்பர் தவளை அரை அவுன்ஸ், மிஞ்சினால் முக்கால். அதாவது 14 முதல் 21 கிராம். இதை அல்லி இலைகளின் மேல் தூரமாக எறிய வேண்டும், இலைக்கு இலை தாவுவது போல இடமும் வலமும் தலையாட்ட வைக்க வேண்டும். முனை கொஞ்சம் வளைந்து கொடுத்தால்தான் இரண்டும் நடக்கும். எக்ஸ்ட்ரா ஹெவி ராடின் முனைக்கு 14 கிராம் ஒரு பொருட்டே இல்லை, அது வளையாது. வளையாத முனை விசையைச் சேர்த்துக் கொடுக்காது, நாம் கையால் வீசித் தள்ளுவோம், தூண்டில் நரம்பு சுற்றிய ரீல் ஸ்பூல் லூரை முந்திக்கொண்டு சுழலும், சிக்கு விழும். தம்பிக்கு நடந்தது இதுதான். தவளைக்கு நான் பரிந்துரைப்பது 7 அடியிலிருந்து 7 அடி 4 அங்குலம், ஹெவி, முனை மட்டும் ஒரு பிடி இளகியது. நரம்பு 50 அல்லது 65 பவுண்டு தாங்கும் பிரெய்டு, அதாவது பல இழைகளைப் பின்னிய நரம்பு.

நீளத்தில் இன்னொரு சங்கதி. தவளையை ஆட்டும்போது ராடு முனை கீழ்நோக்கி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருக்கும். நான் ஐந்தடி ஐந்து அங்குலம். 8 அடி ராடை அப்படிப் பிடித்தால் ஒவ்வொரு ஆட்டுக்கும் முனை தண்ணீரில் அடிக்கிறது. கைப்பிடியின் வால் பகுதி விலாவில் குத்துகிறது. ஆறடி ஆளுக்குச் சரியாக இருக்கும் ராடு நம்மில் பலருக்கு நான்கு அங்குலம் அதிகம். கடையில் ரீலையும் மாட்டி, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, இருபது முறை கீழ்நோக்கி ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

8 அடி எக்ஸ்ட்ரா ஹெவிக்கு உரிய இடம் வேறு: அந்தப் பாய் விரித்த செடி. அதைத் துளைத்து லூரைக் கீழே இறக்க ஒன்று முதல் இரண்டு அவுன்ஸ் எடை வேண்டும். பஞ்சிங் என்று பெயர். ஈயத்தைவிட டங்ஸ்டன் நல்லது, ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு அடர்த்தி என்பதால் அதே எடை சின்ன உருவில் கிடைக்கும், செடியில் எளிதாக நுழையும். இங்கே தூர எறிவது கிடையாது. பதினைந்து இருபது அடிக்குள் கீழ்க்கையாக ஊசலாட்டி விடுவதுதான். மீன் கடித்தால் மேலே இருக்கும் செடியையும் சேர்த்துத் தூக்கியாக வேண்டும், அதற்குத்தான் அந்த முரட்டுத் தண்டு. 7 அடி 6 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள். ரீல் 7:1 அல்லது 8:1 வேக விகிதம், அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஏழெட்டுச் சுற்று. மீன் செடிக்குள் திரும்பும் முன் தளர்ந்த நரம்பைச் சுருட்டியாக வேண்டுமே.

கிட்டத்தில் நின்று லூரை இறக்கும் இந்த முறைக்கு ஒரு பழைய கதை உண்டு. கலிஃபோர்னியாக்காரர் டீ தாமஸ், 1975ல் ஆர்கன்சாவின் புல் ஷோல்ஸ் ஏரியில் நடந்த பாஸ் போட்டியை மிக நீளமான ராடு வைத்து இப்படி மீன் பிடித்தே வென்றார். மற்ற போட்டியாளர்கள் கொதித்துப்போக, ராடு நீளத்துக்கு 8 அடி வரம்பு வந்தது. அப்புறம் அவரோடு சேர்ந்து ஃபென்விக் நிறுவனம் ஏழரை அடியில் ஒரு ராடை இதற்கென்றே செய்தது. இன்று கடைச் சுவரில் 'ஃபிளிப்பிங்' என்று தொங்குவதெல்லாம் அந்த வழியில் வந்தவை. ஏழரை அடி என்ற அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்வது என் வழக்கம்.

கோரையும் மரமும் மூன்றாவது வகை. அரை அவுன்ஸ் முதல் முக்கால் வரை எடை, 7 அடி 3 முதல் 7 அடி 6 வரை ஹெவி ராடு. இங்கே நரம்பில் எனக்குப் பிடிவாதம் உண்டு: அல்லித் தண்டை பிரெய்டு வெட்டிக்கொண்டு போகும், அது நல்லது. ஆனால் முழுகிய மரக்கிளையில் அதே பிரெய்டு ரம்பம் போல இறங்கி மாட்டிக்கொள்ளும். மரம் இருந்தால் 20 அல்லது 25 பவுண்டு ஃபுளோரோகார்பன் (வழுவழுப்பான ஒற்றை இழை நரம்பு) போடுங்கள்.

ஒரே ஒரு ராடுதான் வாங்க முடியும் என்பவருக்கு? 7 அடி 3 அல்லது 4 அங்குலம், ஹெவி, ஃபாஸ்ட் (முனைப் பக்கம் மட்டும் வளைவது). தவளை எறியலாம், கோரையில் இறக்கலாம், ஒரு அவுன்ஸ் வரை பஞ்சிங்கும் சமாளிக்கலாம். இரண்டு அவுன்ஸ் டங்ஸ்டனை அதில் மாட்டிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.

ஆனால் 'ஹெவி' என்ற எழுத்தை நம்பி வாங்குவதில் ஒரு சிக்கல். அதற்குப் பொது அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஹெவி இன்னொரு கம்பெனியின் மீடியம் ஹெவியாக இருக்கும். நம்ப வேண்டியது தண்டில் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் லூர் எடை. நீங்கள் அதிகம் எறியப்போகும் எடை அந்த வரம்பின் நடுவில் விழ வேண்டும். எடை என்றால் டங்ஸ்டன் மட்டும் இல்லை, முள்ளும் பிளாஸ்டிக் புழுவும் சேர்த்து. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். இதே போலத்தான் ஐஎம்6, ஐஎம்7, ஐஎம்8 என்ற எண்களும். அவை ஹெர்குலிஸ் என்ற கம்பெனி (அதன் கார்பன் நார்ப் பிரிவைப் பின்னர் ஹெக்ஸெல் வாங்கியது) தன் கார்பன் நாருக்கு வைத்த வியாபாரப் பெயர்களாகத் தொடங்கியவை, தர முத்திரை அல்ல. எண் கூடினால் ராடு நல்லது என்று நினைத்துக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். விறைப்பு மிகுந்த கார்பன் லேசாக இருக்கும், மீனின் சின்னத் தட்டலும் கைக்கு வரும், ஆனால் அடி தாங்காது. ஒன்றரை அவுன்ஸ் டங்ஸ்டன் தொங்கிக்கொண்டு ஓடும் படகில் தண்டோடு 'டக் டக்' என்று மோதினால் கண்ணுக்குத் தெரியாத காயம் விழும். மூன்று வாரம் கழித்துச் சின்ன மீனுக்கு அதே இடத்தில் முறியும். வாடிக்கையாளர் கம்பெனியைத் திட்டுவார். எடையை ரீல் பக்கம் இழுத்துக் கட்டிவையுங்கள், அல்லது ராடுக்கு உறை போடுங்கள்.

இப்போது தம்பியின் முறிவுக்கு வருகிறேன். மூன்று பவுண்டு மீன், அதன் மேல் ஒரு கை செடி. படகின் ஓரத்துக்கு வந்ததும் ராடை நேர் செங்குத்தாக, தோளுக்குப் பின்னால் போகும்படி தூக்கியிருக்கிறார். ராடு சாய்வாக இருக்கும்போது சுமை தடித்த அடித்தண்டுக்கு இறங்கும். அதைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டால் மொத்தச் சுமையும் பென்சில் கனம்கூட இல்லாத முனையில் உட்காரும். எக்ஸ்ட்ரா ஹெவியானாலும் உடையும், விறைப்பு அதிகம் என்பதால் எச்சரிக்கை இல்லாமலே உடையும். பெரிய மீனை ராடால் தூக்காதீர்கள். நரம்பைக் கையில் வாங்கி, கீழுதட்டைப் பிடித்து, இன்னொரு கையால் வயிற்றைத் தாங்கி எடுங்கள். அல்லது வலை.

முரட்டு ராடு என்றால் நமக்குச் சுமை குறையும் என்ற எண்ணமும் தவறு. ராடு ஒரு நெம்புகோல், அதில் நாம் தப்பான முனையில் நிற்கிறோம். பிடிக்கும் கையிலிருந்து முனை ஆறடி, முழங்கைக்கு ஓரடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முனையில் இரண்டு கிலோ தொங்கினால் மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் அதைப் போல ஆறு மடங்கு. ராடு வளைய வளைய இந்த நெம்புகோல் குட்டையாகும், சுமை குறையும். வளையாத ராடு குறைக்கவே குறைக்காது. நாள் முழுக்கப் பஞ்சிங் செய்துவிட்டு மறுநாள் முழங்கை வலியோடு வருகிறவர்களை எனக்குத் தெரியும். வைத்தியம் என் வேலை இல்லை, ஆனால் ராடை மாற்றச் சொல்வேன்.

தம்பிக்குக் கழன்ற மூன்று மீன்களுக்கும் காரணம் அதே விறைப்புதான். பிரெய்டு இழுபடாது. வளையாத ராடோடு அது சேர்ந்தால், நீங்கள் ஓங்கி இழுத்ததும் முள் சதையில் குத்திப் பிடிக்காமல் கிழித்து ஓட்டை போட்டுவிடும். அந்த ஓட்டை வழியாக முள் கழன்று வரும். அதோடு அவர் தண்ணீர் தெறித்த நொடியே இழுத்திருக்கிறார். மீனின் எடை கையில் தெரிந்த பிறகு இழுக்க வேண்டும். விரால் பிடித்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. இருபது அடி தூரத்தில் ஒன்றரை அவுன்ஸ் உலோகம் செடிக்குள் இருக்கிறது. மீன் கடித்ததாக நினைத்து முழு பலத்தோடு இழுக்கிறீர்கள், மீன் இல்லை. அந்த எடை எங்கே வரும்? நேராக முகத்துக்கு. எனக்கு வந்தது. கறுப்புக் கண்ணாடியின் இடது பக்கம் நட்சத்திரம் போல விரிசல் விட்டது, கண் பிழைத்தது. அந்தக் கண்ணாடியைப் பட்டறை ஜன்னலில் மாட்டி வைத்திருக்கிறேன். வெயில் இல்லாத நாளிலும் கண்ணாடி போடுங்கள். லூர் செடியில் சிக்கிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்காமல், ராடை நரம்பின் நேர்கோட்டில் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு இழுங்கள். பிரெய்டைக் கையில் சுற்றாதீர்கள், விரலை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள்.

இன்னொன்று, கார்பன் மின்சாரம் கடத்தும். ஃபுளோரிடாவில் கோடை மதியம் என்றால் இடி மின்னல்தான். முதல் உறுமல் கேட்டதும் ராடுகளைப் படுக்க வைத்துவிட்டுக் கரைக்கு வாருங்கள். மின்கம்பிக்கு அடியில் 8 அடி ராடை நிமிர்த்திப் பிடித்து நடப்பதும் அதே ஆபத்துதான்.

வாங்கும்போது கடைசியாக ஒரு சோதனை. ராடு முனையைக் கடைக் கூரையில் அழுத்தி வளைத்துப் பார்க்காதீர்கள், முனையைக் கையால் பிடித்தும் வளைக்காதீர்கள். வளையங்கள் வழியாக நரம்பைக் கோத்து, நண்பரை எதிரே நிற்கச் சொல்லி, தாழ்வாக இழுக்கச் சொல்லுங்கள். முனையிலிருந்து கால்வாசி வளைந்து, அதற்குக் கீழே தண்டு எதிர்த்து நின்றால் அது செடிக்குள் வேலை செய்யும் ராடு. வளையங்களுக்குள் பஞ்சு சுற்றிய குச்சியை விட்டுத் திருப்புங்கள். இழை மாட்டினால் உள்பீங்கானில் கீறல் இருக்கிறது, பிரெய்டை அது தின்றுவிடும். வீட்டில் இருக்கும் பழைய ராடுக்கும் இதைச் செய்து பார்க்கலாம்.

தம்பியின் ராடை முறிந்த இடத்தில் சமமாக அறுத்து, புது முனை வளையம் ஒட்டிக் கொடுத்தேன். இப்போது 7 அடி 9 அங்குலம், முன்னைவிட இன்னும் கொஞ்சம் விறைப்பு. இனி இதில் தவளை எறியக்கூடாது, ஒரு அவுன்ஸுக்குக் குறைந்து எதையும் கட்டக்கூடாது என்று சொல்லி, மறக்காமல் இருக்க வெள்ளை மார்க்கரில் கைப்பிடிக்கு மேலே '1–2 அவுன்ஸ்' என்று எழுதியும் விட்டேன். தவளைக்கு 7 அடி 2 அங்குலத்தில் ஒன்று கட்டித் தரச் சொல்லியிருக்கிறார். தண்டு வந்துவிட்டது. வளைய நூலுக்கு என்ன நிறம் என்று கேட்டால் இரண்டு வாரமாக மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறார்.