என்ன லோடு ஓட்டிய வண்டி? பழைய டீசல் பிக்கப் வாங்கும் முன் கேட்க வேண்டியது

களக்காட்டுப் பக்கம் வாழைக்காய் வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர், பிக்கப் ஒன்றை என் பட்டறைக்கு ஓட்டி வந்தார். வாங்கி நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. "வண்டி நல்லாத்தான் ஓடுது அண்ணாச்சி. லோடு ஏத்துனா மட்டும் பின்னால ஒரு பக்கமா இழுக்கு. அலைன்மென்ட் மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

அடியில் படுத்து டார்ச் அடித்தேன். பாரம் தாங்கும் பின்பக்க ஸ்பிரிங் பட்டை செட், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வந்து மாட்டும் இடத்தில் ஏற்கெனவே வெல்டிங் வைத்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அந்த வெல்டிங்கை ஒட்டியே சேசிஸ் திரும்பவும் விரிசல் விட்டிருந்தது, விரல் நகம் உள்ளே போகும் அளவுக்கு. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மாவின் நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"எண்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடிருக்குன்னு சொன்னாவ அண்ணாச்சி."

"என்ன லோடு ஓட்டுனாவன்னு கேட்டியளா தம்பி?"

கேட்கவில்லை. செங்கல் சூளையில் ஓடிய வண்டி என்பது பிறகுதான் தெரிந்தது.

இருபது வருடத்துக்கு மேலாக டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் எந்த வருட மாடல், எத்தனை கிலோமீட்டர், என்ன விலை என்ற மூன்றையும் தவறாமல் கேட்கிறார்கள். லோடு என்ன என்று கேட்பவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். கிலோமீட்டரை மீட்டரில் குறைத்து வைக்க முடியும், அதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். ஆனால் சுமந்த பாரத்தின் தடத்தை ஒரு வண்டி முழுக்க மறைக்கவே முடியாது. பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் ஆர்சியை வாங்கிப் பாருங்கள். வண்டியின் காலி எடையும், லோடோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடையும் அதில் இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் அந்த வண்டி சட்டப்படி எவ்வளவு சுமக்கலாம் என்று தெரிந்துவிடும். செங்கல், ஜல்லி, எம்சாண்ட் ஓட்டிய வண்டிகள் அந்தக் கணக்குக்குள் நின்றதை நான் பார்த்தது மிகக் குறைவு. பின்பக்கப் பட்டைகளை இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள். கம்பெனி கொடுத்ததைவிடக் கூடுதலாக ஒன்றோ இரண்டோ சொருகியிருந்தால், பட்டையை அச்சோடு இறுக்கும் யு போல்ட் புதிதாகவும் நீளமாகவும் இருந்தால், அந்த வண்டி எதற்குப் பழக்கப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம். அப்புறம் சேசிஸ். பட்டை மாட்டும் இடங்கள், கேபினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள பகுதி, குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், இவைதான் முதலில் விரிசல் விடும். அடிப்பாகம் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்டில் பளபளவென்று இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். அந்தப் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

மீன் வண்டி வேறு விதம். உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை என்று நம் கடற்கரையில் மீன் ஏற்றும் வண்டிகளில் ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் ராத்திரி முழுக்கப் பாடி வழியாகச் சேசிஸில் வடியும். எஞ்சின் அருமையாக இருக்கும், இரும்பு உள்ளுக்குள் அரித்துப் போயிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் சேசிஸை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். துரு தின்ற இடம் மந்தமாகச் சொல்லும், சில இடத்தில் பொரிந்து கொட்டும். பிரேக் பைப்புகளையும் விடாமல் பாருங்கள். துருவேறிய பைப் வெடிப்பது லோடோடு அழுத்தி மிதிக்கும்போதுதான்.

தண்ணீர் கேன், சிலிண்டர், பால் வண்டிகள் தெருத் தெருவாக நின்று நின்று போனவை. கிலோமீட்டர் குறைவாகவே காட்டும், அது பொய்யாகவும் இருக்காது. ஆனால் கிளட்ச், பிரேக், செல்ஃப் மோட்டார் மூன்றும் களைத்திருக்கும். பந்தல்காரர் வண்டி மாதக்கணக்கில் நின்றே கிடந்திருக்கும். அதில் டயரின் பட்டன், அதாவது ரோட்டில் படும் மேடுகள், நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. நின்றே கிடந்தாலும் ரப்பருக்கு வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

இத்தனையும் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், எனக்குப் பிடித்தது பூ வண்டி. தோவாளைச் சந்தைக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓடிய வண்டியில் மீட்டர் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருக்கும். பார்த்ததும் பயமாக இருக்கும். ஆனால் பூவுக்கு என்ன எடை? சேசிஸும் பட்டையும் அலுங்காமல் இருக்கும். வேகமாக ஓட்டியிருப்பார்கள், அதனால் எஞ்சினையும், அதற்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் கவனமாகப் பார்க்க வேண்டும். எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யலாம், முறுக்கிப்போன சேசிஸை அப்படிச் செய்ய முடியாது.

விற்பவர் லோடைச் சொல்லாவிட்டால் வண்டியே சொல்லும். பாடியின் மூலைகளையும் கொண்டிகளின் இடுக்குகளையும் பாருங்கள். செங்கல் தூளோ, கல் மாவோ, மீன் செதிலோ அங்கே ஒட்டியிருக்கும். வாழைக் கறை தளத்தில் கருகருவென்று படிந்தால் சோப்புக்கும் போகாது. கதவில் பழைய பெயரை அழித்துப் பெயிண்ட் அடித்திருந்தால், சாய்வாக வெயில் படும்போது எழுத்து லேசாகத் தெரியும். அந்தக் களக்காட்டு வண்டியில் "சூளை" என்ற எழுத்தை நான் அப்படித்தான் படித்தேன்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். காலையில் வருகிறேன், நான் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானட்டைத் திறந்து எஞ்சினில் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். ஊட்டியில் காலைக் குளிருக்கு வெள்ளைப் புகை கொஞ்ச நேரம் வரலாம். நம் ஊரில் மார்கழியில்கூட அந்தச் சாக்குச் செல்லாது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ என்று எதிலும் இருக்கலாம். மிதிக்கும்போதெல்லாம் கரும்புகை தள்ளினால் ஏர் ஃபில்டர் அடைப்பில் தொடங்கி டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை காரணம் இருக்கும். பிறகு ஆயில் ஊற்றும் மூடியை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கழற்றி, துவாரத்தின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புகையோடு துள்ளி விழுந்தால் ரிங் தேய்ந்து அழுத்தம் கீழே இறங்குகிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் கலக்கிறது. அளவுக்கு மேல் ஏறி, தண்ணீராக, டீசல் வாசனையோடு இருந்தால் டீசல் இறங்குகிறது. இரண்டுமே பெரிய செலவு.

ரேடியேட்டர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போதே திறந்துவிடுங்கள், சூட்டில் திறந்து முகம் வெந்தவர்களை எனக்குத் தெரியும். ராதாபுரம், நாங்குநேரி, வள்ளியூர் வட்டாரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உவர். கூலன்ட் வாங்கக் காசு பார்த்து அந்தத் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகள் நிறைய. ரேடியேட்டருக்குள் வெள்ளைக் காரையும் துருவும் படிந்திருந்தால், கோடையில் நான்குவழிச் சாலையில் லோடோடு போகும்போது ஹீட் ஏறும். ஹெட் கேஸ்கட் போவதற்கு அதுவே ஆரம்பம்.

2005இல் வந்த முதல் டாடா ஏஸில் இரண்டே சிலிண்டர், 702 சிசி. எந்த ஊர் மெக்கானிக்கும் மரத்தடியில் பிரித்து மாட்டிவிடுவார். இப்போதைய காமன் ரெயில் வண்டி அப்படி இல்லை. டீசலை மிக அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் பம்பும் இன்ஜெக்டரும், தங்களுக்கு வேண்டிய வழுவழுப்பையே அந்த டீசலிடமிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் உரசித் தேய்ந்து, அந்தத் தூள் எல்லா இன்ஜெக்டருக்கும் போய்விடும். அதனால் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு இல்லை.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டி என்றால் புகை வடிகட்டியையும் கேட்க வேண்டும். டிபிஎஃப் என்ற அந்த வடிகட்டி உள்ள வண்டியில், சேர்ந்த கரியை எரித்துத் தள்ளுவதற்கு நிற்காத, நீண்ட ஓட்டம் தேவை. நெல்லை டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் பேட்டைக்கும் மட்டுமே போய்வருபவர் அப்படி ஒரு டீசலை வாங்கினால் அடைப்பு விளக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். அவருக்குப் பெட்ரோல் அல்லது சிஎன்ஜி சின்ன வண்டி மேல்.

காலி வண்டியை ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அளவான லோடோடு, எதிர்க் காற்றில் ஓட்டிப் பாருங்கள். ஆடி மாதம் காவல்கிணறு தாண்டி நாகர்கோவில் பக்கம் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எதிரே வந்து அறையும். எஞ்சினின் மூச்சு எவ்வளவு என்று அங்கே தெரியும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி பெருகி, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வண்டிகள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். அவற்றில் பல கழுவப்பட்டுத் திரும்பவும் ரோட்டுக்கு வந்திருக்கின்றன. முறையாகச் சரிசெய்து சொல்லி விற்றால் குற்றமில்லை, மறைத்து விற்பதுதான் கொடுமை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், வண்டல் கோடு அங்கே தெரியும். சீட் அடிப் போல்ட், ஹெட்லைட்டின் உட்புறம், ஃப்யூஸ் பெட்டி மூன்றையும் பாருங்கள். ஒயர் முனைகளில் பச்சைப் பூசணம் போலப் படிந்திருந்தால் அந்த வண்டி உங்களை ஒயரிங்காரர் வீட்டுக்கு நடையாக நடக்க வைக்கும். 2023, 2024 இன்சூரன்ஸ் பேப்பர்களையும் கேட்டு வாங்குங்கள். கிளெய்ம் எடுக்காதவருக்குத் தரும் நோ கிளெய்ம் போனஸ் முதலில் 20 சதவீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும். ஏறிக்கொண்டே வந்தது 2024இல் திடீரென்று பூஜ்யமானால் என்ன நடந்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பேப்பர் விஷயத்தில் நம் ஆட்கள் காட்டும் அலட்சியம் எனக்கு வயிற்றெரிச்சல். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கி, பெயர் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். சட்டப்படி, வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவித்துப் பெயர் மாற்ற வேண்டும். விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆகவே விற்பவருக்கும் இது ஆபத்துதான். இன்சூரன்ஸ் உங்கள் பெயருக்கு மாறாவிட்டால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சிக்கலாகிவிடும். ஆர்சியில் ஹெச்பி, அதாவது வண்டி மேல் கடன் இருக்கும் குறிப்பு, இருந்தால் ஃபைனான்ஸின் தடையில்லாச் சான்றான என்ஓசியும், அந்தக் குறிப்பை நீக்கும் படிவம் 35ம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். "மீதி டியூவை நீ கட்டிக்கோ" என்ற வாய்ப்பேச்சில் வாங்கி, கடைசி மூன்று டியூ இருக்கும்போது வண்டியைப் பறிகொடுத்து நின்றவரை எனக்குத் தெரியும். வண்டியின் தகுதிச் சான்றான எஃப்சி முடியும் தேதியையும் பாருங்கள். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். முடிய ஒரு மாதமே இருந்தால் அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்று அர்த்தம், விலையில் கழியுங்கள். மொத்த எடை 3000 கிலோவுக்கு மேல் போனால் பர்மிட்டும் வேண்டும்.

அந்தத் தம்பியின் வண்டிக்கு உள்தகடு வைத்து வெல்டிங் போட்டுக் கொடுத்தோம். கொஞ்ச நாள் வாழை இலைக்கட்டு மட்டும் ஏற்றினார். அப்புறம் விரிசலை வாங்குபவரிடம் அடியில் படுக்க வைத்தே காட்டி, நஷ்டத்துக்கு விற்றார். போன மாதம் தோவாளைக்கு ஓடிய வண்டி ஒன்று வருகிறது என்று போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது விடிந்தும் விடியாத நேரம். எனக்கு முன்னாலேயே வந்து, எஞ்சினில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஆறித்தான் இருக்கு அண்ணாச்சி" என்றார்.